சிறிய பண்ணைக்கு ஏற்ற புல்வாரிகள்: தேர்வும் பயன்பாடும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், குரூண், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்திலிருந்தே நம் குடும்பங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாடு கட்டி வளர்த்து வந்திருக்கின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய பின்பும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ மாடும் ஆடும் வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் பச்சைப்புல் அறுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த ஈரக்காற்றில் புல்லை உலர்த்தி வைக்க முடியாது என்ற எண்ணம் அதற்குக் காரணம். முடியும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு வாரியைப் பற்றிய நம் பார்வை கொஞ்சம் மாற வேண்டும். வறண்ட நாடுகளில் காய்ந்து கிடக்கும் புல்லைக் கூட்டிச் சேர்ப்பதே வாரியின் வேலை. இங்கே அதற்கு முன்பாக, அடியில் தங்கிய ஈரத்தைப் புரட்டி மேலே கொண்டுவந்து காற்றுக்கும் வெயிலுக்கும் காட்டும் வேலையும் அதனையே சேர்கிறது. எந்த வாரியை வாங்குவது என்ற கேள்விக்கு விடையும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதிதாக அறுத்த புல்லில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர்தான். 1,000 கிலோ பச்சைப்புல்லை 18 விழுக்காட்டு ஈரத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது சுமார் 244 கிலோ; மீதி 756 கிலோ நீர் காற்றில் போக வேண்டும். வெட்டிய புல்லை வெட்டிய இடத்திலேயே தடிப்பாகக் கிடக்க விட்டால், மேற்பரப்பு ஒரே நாளில் சருகாகிவிடும். அடிப்பகுதியோ மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு இரண்டாம் நாளே புளிப்பு வாடை வீசத் தொடங்கும்.

வாரிக்கு முன்னதாகப் புல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே எல்லாரும் வளர்ப்பது நேப்பியர் புல். அது பச்சையாக நறுக்கிப் போடவும், காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்தவும் மிக நல்லது, உலர்த்துவதற்கு ஏற்றதன்று. அதன் தண்டு தடிப்பானது. இலை காய்ந்து நொறுங்கிய பிறகும் தண்டுக்குள் நீர் இருக்கும். எவ்வளவு நல்ல வாரியாலும் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது. உலர்த்துவதற்கு மெல்லிய தண்டுள்ள புற்களே தேவை: சிக்னல் புல், கினிப்புல், டிஜிட் புல் ஆகியவற்றைப் பூக்கும் முன்பே, இளமையாக இருக்கும்போது அறுக்க வேண்டும். சிக்னல் புல்லில் ஓர் எச்சரிக்கை உண்டு. செம்மறி ஆடுகளுக்கு அதை மட்டுமே தீவனமாகக் கொடுத்தால் ஈரல் பாதிக்கப்பட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும் நோய் வரும். வெள்ளாடுகளையும் அது விடுவதில்லை. மாடுகள் ஓரளவு தாங்கும் என்றாலும் வேறு தீவனத்தோடு கலந்து கொடுப்பதே சரி.

கைவாரி

அரை ஏக்கருக்குள் புல் உலர்த்துபவருக்குக் கைவாரியே போதும். இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரும்புக்கடையில் கிடைக்கும் இருவகை வாரிகளும் இந்த வேலைக்குப் பொருந்தா. குட்டையான இரும்புப் பற்களைக் கொண்ட தோட்டவாரி மண்ணைக் கீறி, அடிக்கட்டையைப் பிடுங்கி, சிறு கற்களையும் புல்லோடு சேர்த்து இழுத்துவரும். இலை கூட்டும் விசிறி வாரியோ மூங்கிலானாலும் பிளாஸ்டிக்கானாலும், கனமான புல் சிக்கியவுடன் வளைந்து கொடுத்துவிடும். கடைசியில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளைக் கூட்ட மட்டுமே அது உதவும்.

புல்லுக்கென்றே உள்ள மரவாரியின் அமைப்பு வேறு. அதன் தலை 60 முதல் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள இலேசான மரச்சட்டம். அதில் 5 அல்லது 6 சென்டிமீட்டர் இடைவெளியில், 8 அல்லது 9 சென்டிமீட்டர் நீளமுள்ள, நுனி மழுங்கிய மரப்பற்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பற்கள் இழுப்பவரை நோக்கி மிகச் சிறிதளவே சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு அதிகமானால் நுனி மண்ணில் குத்தும், குறைந்தால் புல் நழுவும். பிடி, நிமிர்ந்து நிற்பவரின் முகவாய் வரை எட்ட வேண்டும். பிடி குட்டையானால் இடுப்பு வளையும், அரை மணி நேரத்திலேயே முதுகு பிடித்துக்கொள்ளும். இதைக் கடையில் தேடுவதைவிட ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வது எளிது. சுற்றிலும் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அதில் வண்டும் பூஞ்சையும் விரைவில் ஏறும். பிடிக்கு நன்கு முற்றி நிழலில் உலர்ந்த மூங்கிலும், பற்களுக்கு நீபோங் போன்ற வலிய மரத்தின் சிம்புகளும் பொருத்தமானவை. பற்களைப் பசையிட்டு ஒட்டாமல் துளையில் இறுக்கிச் செருகினால், ஒன்று உடையும்போது அதை மட்டும் தட்டி எடுத்து மாற்றலாம்.

பயன்படுத்தும் விதத்தில் இரண்டு அசைவுகள் உண்டு. ஒன்று, வாரியைத் தட்டையாக வைத்துத் தன்னை நோக்கிச் சிறு சிறு இழுப்புகளாக இழுப்பது. நீண்ட இழுப்பு வேகமாகத் தோன்றினாலும் புல்லைக் கயிறுபோல் முறுக்கிவிடும், முறுக்கிய புல்லுக்குள் காற்று நுழையாது. மற்றொன்று, வாரியின் தலையைப் புல்பட்டையின் ஓரத்தில் அடியில் கொடுத்து அப்படியே கவிழ்ப்பது. பலர் முதல் அசைவை மட்டுமே அறிவார்கள். நம் தட்பவெப்பத்தில் இரண்டாவதே முக்கியம், ஏனெனில் அடியிலிருக்கும் ஈரமான பக்கம் அப்போதுதான் மேலே வருகிறது. காற்றடிக்கும் நாளில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கவிழ்த்தால் புல் முகத்தில் பறக்காது.

வாரியோடு ஒரு கவைக்கோலும் தேவை. வெட்டியவுடன் தடிப்பாக விழுந்த புல்லை உதறிப் பரப்புவது கவைக்கோலின் வேலை. இதையே பெரிய அளவில் செய்யும் இயந்திரம் புல் உதறி. உதறியும் வாரியும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்று பரப்புகிறது, மற்றொன்று சேர்க்கிறது. இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியுமென்றால், கெடாவில் உதறியை வாங்கிவிட்டு வாருவதைக் கையால் செய்வது புத்திசாலித்தனம் என்பேன். பரப்பாத புல்லை எந்த வாரியும் உலர்த்தாது. சிறு டிராக்டர்களுக்காக இரண்டு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்யும் கூட்டு இயந்திரங்களும் உண்டு. அவை இரண்டையும் முழுமையாகச் செய்வதில்லை. ஆனாலும் ஓரிரு ஏக்கர் உள்ளவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

இயந்திர வாரிகள்

மிகப் பழைய வகை, குதிரை இழுத்த காலத்திலிருந்து வரும் கொட்டு வாரி. அரைவட்டமாக வளைந்த எஃகுப் பற்கள் வரிசையாகத் தொங்கும். அவை புல்லை இழுத்துக்கொண்டே போய், நிறைந்ததும் நெம்புகோலைத் தூக்கினால் குவியலாகக் கொட்டிவிடும். உள்ளூர்ப் பட்டறையிலேயே இதன் சிறிய வடிவத்தைச் செய்து, கைடிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். தரையோடு தேய்த்து இழுப்பதால் மண் நிறையச் சேரும். எனவே தீவனப்புல்லுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; மாட்டுக்குப் படுக்கையாகப் போடும் நெல்தாளைச் சேர்க்க இது போதும்.

சிறு பண்ணையாளர்கள் முதலில் விலை கேட்பது சக்கர வாரியைத்தான். சாய்வாக நிறுத்திய பெரிய சக்கரங்கள் நான்கோ ஐந்தோ, ஒவ்வொன்றின் விளிம்பிலும் கம்பிப் பற்கள். டிராக்டர் நகரும்போது பற்கள் தரையையும் புல்லையும் தொட்டு, சக்கரங்கள் தாமாகவே சுழன்று புல்லை ஒரு பக்கமாக ஒதுக்கும். பல்சக்கரப் பெட்டியும் இல்லை, டிராக்டர் எஞ்சினின் சுழல்விசையைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. தண்டும் தேவையில்லை. 20 குதிரைத்திறன் டிராக்டரே இழுத்துவிடும், விலையும் குறைவு, பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை. அதன் குறை, அது எதனால் சுழல்கிறதோ அதிலேயே இருக்கிறது. தரையைத் தொட்டால்தான் சுழலும் என்பதால் மண்ணும் கல்லும் பழைய சருகும் புல்லோடு சேர்ந்து வரும். மழைக்குப் பின் இளகிய நம் செம்மண்ணில் இந்தக் குறை இரட்டிப்பாகும். ஈரமான கனத்த புல்லைப் புரட்டும்போது கயிறுபோல் முறுக்கியும் விடும். இதை வாங்குபவர் ஒவ்வொரு சக்கரத்தின் சுருள்வில்லையும் சரிசெய்யக் கற்றுக்கொள்வது கட்டாயம். சக்கரத்தின் முழு எடையும் தரையில் அழுந்தாமல், வில் அதைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு கையால் தள்ளினால் சக்கரம் எளிதாகச் சுழல வேண்டும். தள்ள முடியாமல் இறுகினால் அது மண்ணைத் தோண்டுகிறது என்று பொருள்.

இணைச்சட்ட வாரியில், நான்கு அல்லது ஐந்து சட்டங்களில் பற்களைத் தாங்கிய கூடை ஒன்று, போகும் திசைக்குச் சாய்வாகச் சுழன்று, புல்லை மென்மையாக உருட்டிப் பக்கத்தில் வரிசையாக விடும். பற்கள் எப்போதும் செங்குத்தாகவே நிற்பதால் இலை உதிர்வது குறைவு. ஸ்டைலோ போன்ற பயறுவகைத் தீவனத்தைப் புல்லோடு கலந்து வளர்ப்பவருக்கு இது மிகவும் ஏற்றது. பயறுவகையில் சத்து பெரும்பாலும் இலையில் இருக்கிறது. அந்த இலை காய்ந்தபின் தொட்டாலே உதிர்ந்துவிடும். இந்த வாரியை நிதானமாக, மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் மென்மை போய்விடும்.

சுழல் வாரிதான் ஈர நாடுகளுக்கென்றே பிறந்தது போன்ற இயந்திரம். நிமிர்ந்த அச்சைச் சுற்றி எட்டு முதல் பத்துக் கைகள்; பி.டி.ஓ. விசையால் அவை வட்டமாகச் சுழலும். ஒவ்வொரு கையும் புல்லைக் கொண்டுவந்து, பக்கத்துத் திரையின் அருகே வந்ததும் தானாக மேலே தூக்கிக்கொண்டு புல்லை விட்டுவிடும். விசை டிராக்டரிலிருந்து வருவதால் பற்கள் மண்ணைத் தொட வேண்டிய தேவையில்லை; புல் தூய்மையாக வரும், வரிசையும் இறுகாமல் உப்பலாக இருக்கும், காற்று ஊடே போகும். கனமான, அரை ஈரப் புல்லையும் அது தயங்காமல் நகர்த்தும். மூன்று மீட்டர் அகலமுள்ள ஒற்றைச் சுழலி வாரிக்கு 25 முதல் 30 குதிரைத்திறன் டிராக்டர் போதும். பி.டி.ஓ.வை எப்போதும் நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட்ட வேண்டும் என்பதில்லை. புல் காயக் காயச் சுற்றைக் குறைத்தால் இலை மிஞ்சும். விலை அதிகம், உள்ளே கைகளைத் தூக்கும் வழித்தடத்துக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் எண்ணெயும் கவனமும் வேண்டும் என்பவை இதன் சுமைகள். மூன்று நான்கு பண்ணையாளர்கள் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் அந்தச் சுமை குறையும். அதில் வரும் சிக்கல், நல்ல வெயில் எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதுதான்.

சரிவான நிலத்துக்கு, பற்கள் பதித்த பட்டைவார் குறுக்காக ஓடும் சிறு வாரி ஒன்று உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் கைடிராக்டரின் முன்னால் பூட்டி இதைப் பயன்படுத்துகிறார்கள். ஜெராய் மலையடிவாரத்தில் மேடுபள்ளமான நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கருதலாம்.

தோட்டத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகளுக்கு இடையே வளரும் புல்லைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. வளர்ந்த செம்பனையின் நிழலில் புல் உலராது. அங்கே அறுத்தாலும் வெயிலுள்ள வெளிக்குக் கொண்டுவந்துதான் பரப்ப வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்த வரிசைகளில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள் என்பது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றக் களைக்கொல்லிகளின் பயன்பாடு தொடர்கிறது. தெளித்த நாளைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டறியாமல் அந்தப் புல்லைத் தொட வேண்டாம்.

வயல்வெளித் தாள்

பீடோங்கிலிருந்து வடமேற்கே யான் மாவட்டத்துப் பக்கம் போனால் மூடா பாசனத் திட்டத்தின் நெல்வயல்கள் தொடங்கிவிடும். அங்கே ஆண்டின் தொடக்கத்தில் வரும் அறுவடை, வடமேற்கு மாநிலங்களின் வறண்ட மாதங்களான ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி அமைவதால் வைக்கோல் சேர்க்க அதுவே நல்ல காலம். அறுவடை இயந்திரம் தாளை ஏற்கெனவே வரிசையாக விட்டுச் செல்வதால், இரண்டு வரிசைகளை ஒன்றாக்கவோ இடையில் மழை பெய்தால் புரட்டவோ மட்டுமே வாரி தேவைப்படும். வயல் காய்ந்திருந்தால் சக்கர வாரியே இதற்குப் போதும். சேறு ஒட்டியிருக்கும் வயலில், குறிப்பாக இயந்திரத்தின் தடம் ஆழமாகப் பதிந்த இடங்களில், அதை இறக்கக் கூடாது. வைக்கோலில் புரதம் 4 அல்லது 5 விழுக்காடுதான். அதை வயிறு நிரப்பும் தீவனமாகவே கருதி, புண்ணாக்கோ பயறுவகைத் தழையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வேலையின் வரிசை

புல் உலர்த்துவதற்கும் தைப்பொங்கலை ஒட்டிய வாரங்களே நம் பக்கம் மிக உகந்தவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை முயலவே வேண்டாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பில் அடுத்த மூன்று நாள்களுக்கு மழை இல்லை என்று பார்த்த பிறகே அரிவாளையோ புல்வெட்டும் இயந்திரத்தையோ எடுக்க வேண்டும்.

காலையில் பனி உலர்ந்ததும், சுமார் பத்து மணிக்கு அறுக்கலாம். தரையோடு ஒட்ட அறுக்காமல் 8 முதல் 10 சென்டிமீட்டர் அடிக்கட்டை விட வேண்டும். அந்தக் கட்டைகள் புல்லைத் தாங்கிப் பிடிப்பதால் அடியில் காற்று ஓடும், வாரியின் பற்களும் மண்ணைத் தொடாமல் வேலை செய்யும். அறுத்தவுடன் உதறிப் பரப்ப வேண்டும். நண்பகலுக்குப் பின் இன்னொரு முறை உதற வேண்டும். ஈரம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் வரைதான் உதறலாம்; அதற்குப் பிறகு உதறினால் இலை நொறுங்கும். மாலை ஐந்து மணிக்குள் கைவாரியால் சிறு குப்பல்களாகச் சேர்த்துவிட்டால், இரவுப் பனி குப்பலின் மேற்புறத்தை மட்டுமே நனைக்கும். வானம் இருண்டால் தார்ப்பாய் போட வேண்டும். மூன்று கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டிய முக்காலியின்மேல் புல்லைச் சார்த்தி வைப்பது இன்னும் நல்லது. மழை மிகுந்த ஐரோப்பிய மலைநாடுகளில் இப்படித்தான் தரையைத் தொடாமல் உலர்த்தினார்கள்.

மறுநாள் பனி போனதும் குப்பல்களைக் கலைத்துப் பரப்ப வேண்டும். ஈரம் 30 முதல் 40 விழுக்காட்டுக்கு வரும்போது வாரியால் வரிசையாக்க வேண்டும். கைப்பிடிப் புல்லை இறுக முறுக்கிப் பாருங்கள்: சாறு கசியாமல், ஆனால் தண்டு முறியாமல் வளைந்து கொடுத்தால் இதுதான் சமயம். அறுத்த திசையிலேயே வாரியை ஓட்டினால் புல் சிக்காமல் வரும். வரிசை பருத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால் உயரத்துக்குக் குவித்த வரிசை நடுவில் காயாது. பயறுவகை கலந்திருந்தால் இலையில் சற்றே பனியின் மென்மை இருக்கும் ஒன்பது மணிக்கே வாரிவிடலாம்.

கட்டிச் சேமிக்க 15 முதல் 18 விழுக்காட்டு ஈரம் வேண்டும். இதை அறிய எளிய வழி, நறுக்கிய புல்லைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஒரு கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து மூடி ஓரிரு நிமிடம் குலுக்குவது: உப்பு கட்டியானால் இன்னும் ஈரம் இருக்கிறது. துல்லியம் வேண்டுபவர் 100 கிராம் புல்லை, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரோடு மைக்ரோவேவ் அடுப்பில் சிறிது சிறிதாகச் சூடாக்கி, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை எடைபோட்டுப் பார்க்கலாம். 82 கிராமில் நின்றால் ஈரம் 18 விழுக்காடு. 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள புல்லை அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். பெரிய அடுக்காக இருந்தால் உள்ளே சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஜப்பானிலிருந்து வரும் பழைய குபோட்டா, யன்மார் சிறு டிராக்டர்களை வைத்திருப்பவர்கள், வாரியின் பூட்டுமுனை தங்கள் டிராக்டருக்குப் பொருந்துமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். டிராக்டரின் பின்னால் கருவிகளைப் பூட்டும் மும்முனை இணைப்பின் முதல் வகையில் (Category 1) கீழ்முளை 22 மில்லிமீட்டர், மேல்முளை 19 மில்லிமீட்டர். மிகச் சிறிய டிராக்டர்களில் இதைவிடக் குறுகிய அமைப்பு இருக்கலாம். பி.டி.ஓ. தண்டு பெரும்பாலும் ஆறு பள்ளங்களுள்ள 35 மில்லிமீட்டர் தண்டு. தண்டின்மேல் பிளாஸ்டிக் காப்புறை இல்லாத இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைந்தாலும், உறை போடாமல் ஓட்டக் கூடாது. கைலியோ சட்டை நுனியோ சிக்கினால் ஒரு நொடிகூட மிஞ்சாது. சிக்கிய புல்லை எடுக்கும்போது டிராக்டரை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய வாரியில் பார்க்க வேண்டியது வண்ணப்பூச்சையன்று, பற்களை. நீளம் குறைந்து தேய்ந்த பற்கள் சில மட்டும் இருந்தால் மாற்றிவிடலாம். எல்லாமே தேய்ந்திருந்தால் அதற்கு முன் வைத்திருந்தவர் வாரியை மிகத் தாழ்வாக ஓட்டியிருக்கிறார், தாங்கிகளும் தேய்ந்திருக்கும். தரையைத் தொட்டுச் சுழலாத வாரிகளில், பல் நுனி தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நிற்குமாறு, சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி அளவு வைக்க வேண்டும். நிலத்தில் இறக்கியபின் பத்தடி ஓட்டி இறங்கிப் பாருங்கள்: அடிக்கட்டைகளுக்கு இடையில் கீறல் தெரிந்தால் உயர்த்த வேண்டும், புல் நூலாக விடுபட்டால் சற்றே தாழ்த்த வேண்டும்.

உடைந்து விழும் பல்தான் மாடு வளர்ப்பவருக்குப் பெரிய ஆபத்து. மாடு மென்று பார்த்துத் தின்னும் விலங்கன்று. தீவனத்தோடு விழுங்கிய கம்பித் துண்டு இரண்டாம் இரைப்பையில் தங்கி அதன் சுவரைக் குத்தி, சில வேளைகளில் இதயத்தை மூடிய சவ்வு வரை எட்டிவிடும். எனவே ஒவ்வொரு பல்லையும் சிறு கம்பியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தால், உடைந்தாலும் தொங்கிக்கொண்டிருக்கும்; வரிசைக்குள் விழாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பற்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அன்று வாரிய வரிசைகளைக் கட்டுவதற்கு முன் காந்தம் கட்டிய கம்பால் துழாவித் தேட வேண்டும். பிறகு மண்ணைக் கழுவி, தாங்கிகளுக்கு மசகு வைத்து, பற்களில் எண்ணெய் தடவி, ஈரம் ஏறாத கூரையின்கீழ் பற்கள் தரையைத் தொடாதவாறு மரக்கட்டையின்மேல் நிறுத்த வேண்டும்.